அமாவாசைச் சுருட்டு

வீட்டுத் திரைச்சீலைகளை நான் வாஷிங் மெஷினில் போடுவதில்லை. வாளியில் சோப்புத்தூள் கரைத்து, காலையில் ஊறவைத்து, மத்தியானம் கையால் அலசுவேன். ஊறிய தண்ணீரைப் பார்த்தால் ஒரு வீட்டைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் முன்னறைத் திரைச்சீலை டீ நிறத்தில் தண்ணீர் விடும். கல்யாணமாகி வந்த புதிதில் அதைச் சாயம் என்று நினைத்து, துணியைச் சுருட்டிக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது சாயமில்லீங்க அம்மிணி. உங்க ஊட்டுக்காரர் ஊதுனது" என்றார்.

காபியைக் குடியுங்கள் ரஞ்சனி, ஆடை படிகிறது. இந்த வெயிலில் சேலத்திலிருந்து ராசிபுரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறீர்கள். கேட்டது ஒரே ஒரு கேள்வி: நிறுத்தியவர் ஏன் மறுபடியும் ஆரம்பித்தார்? ஆஸ்பத்திரியில் உங்கள் வேலையே மனிதர்களைப் புகையிலையிலிருந்து மீட்பதுதான். என் வீட்டுக்காரரை மீட்க நீங்கள் எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். 'நான் எங்க தப்பு பண்ணேன்னு தெரியணும்மா' என்கிறீர்கள். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் உள்ளறையில் தூங்குகிறார். பேத்தி நிலாவும் அங்கேதான் தொட்டிலில் தூங்குகிறாள். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம்.

அவர் நல்லவர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மணியன் என்றால் இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் எழுந்து நின்று பேசுவார்கள். ஒரு நாளும் என்மேல் கை நீட்டியதில்லை. லாரி ஓட்டிய காலத்தில் எந்த ஊருக்குப் போனாலும் எனக்கென்று ஏதாவது வாங்காமல் திரும்பியதில்லை. நாக்பூரிலிருந்து ஆரஞ்சு, சோலாப்பூரிலிருந்து போர்வை. பிறகு சொந்தமாக இரண்டு லாரி வாங்கி, வீட்டு முன்னறையிலேயே புக்கிங் ஆபீஸ் போட்டார். நான் நாமக்கல்லில் விலங்கியல் படித்தவள். வேலைக்கு அனுப்ப மாட்டார்கள் என்று தெரிந்தே கட்டிக்கொடுத்தார்கள். ஆனால் இவர் என்னைத் தன் மேசைக்கு எதிர் மேசையில் உட்காரவைத்து, "ஃபோனு நீ எடு புள்ள, நீ பேசுனாத்தான் பார்ட்டிக மரியாதையாப் பேசறானுங்க" என்றார். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

எதிர் மேசையில் உட்கார்ந்து ஊதுவார். ஒன்றை அணைக்கும் முன் அடுத்தது. மகன் கதிர்வேல் என் வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான். "வெளியில போயி ஊதுங்களேன் மாமா" என்பேன். "வெளியில வெயிலு புள்ள" என்பார். அவ்வளவுதான் காரணம். இருபத்தாறு வருடத்தில் அவர் சொன்ன ஒரே காரணம் வெயில். உள்ளறைக்கு ஏ.சி. வைத்தபோது ஜன்னல்களை இறுக்கி மூடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு இரவுப் புகையும் வெளியே போகவில்லை.

இருமல் வந்தபோது லாரிப் புழுதி என்றோம். முதுகு வலித்தபோது நாற்காலி சரியில்லை என்றோம். சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டு, அவரைப் பார்த்து, "எத்தனை வருஷமா புகைப்பழக்கம்?" என்றார். சட்டையிலேயே வாசம் இருந்திருக்கும். அவர் பதறிப்போய், "டாக்டருங்க, அந்தப் படம் என்னுதில்லீங்க, இவளுதுங்க" என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். அந்த ஒரு கணத்தில் என் கோபம் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாத பிறப்பு.

அவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. "இப்போதைக்கு ஒன்றுமில்லை" என்று டாக்டர் திருத்திச் சொன்னார்.

நான் படித்தவள் என்பதால் எனக்கு விளக்கமாகச் சொன்னார். புகையில் இருக்கிற சில பொருள்கள் நுரையீரல் செல்லுக்குள் போய் அதன் மரபணுவில் ஒட்டிக்கொள்கின்றன. செல் தன்னைப் பிரதி எடுக்கும்போது அந்த இடத்தில் பிழை விழுகிறது. பெரும்பாலான பிழைகளை உடம்பே திருத்திவிடும். திருத்தத் தவறியவை வருடக்கணக்கில் சேர்கின்றன. கடைசியில் ஏதோ ஒரு செல், பெருகு என்ற கட்டளையை மட்டும் கேட்கிறது, நில் என்பதைக் கேட்பதில்லை. புகைக்கிறவர் இழுப்பது ஃபில்டர் வழியாக. எரிகிற முனையிலிருந்து கிளம்பும் புகைக்கு ஃபில்டர் கிடையாது, அது நேராக அறைக்கு வருகிறது. "இதனாலதான்னு நூத்துக்கு நூறு சொல்ல முடியாதும்மா, சில பேருக்குப் புகையே இல்லாமலும் வருது" என்றும் சொன்னார். அது அவர் பெருந்தன்மை. நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

அதுவரை ஒரு பீடித் துண்டைக்கூட விரலால் தொட்டதில்லை நான். ஊரார் கேட்ட கேள்விகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அவருடைய அக்கா குப்பாயி, என் நங்கையா, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "மறச்சு மறச்சுப் பொகையில போட்டியா கண்ணு? எங்கிட்டச் சொல்லு, நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன். சும்மா வருமா இது?" என்றார். பக்கத்தில் நின்ற தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தோளைத் தடவி, "பாவம், எம்பொறப்பு அரை ஆளாப் போயிட்டான்" என்றார்.

அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினீர்கள், பிறகு என்னையும் கூப்பிட்டீர்கள். மூச்சுக்குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத இழைகள் துடைப்பம்போல அழுக்கைக் கூட்டி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் என்றீர்கள். புகை அவற்றை அசையவிடாமல் செய்துவிடும், நிறுத்தினால் அவை மறுபடி எழுந்து வேலை செய்யும். எத்தனையோ வருடம் ஊதியவர் நுரையீரலிலும் சேதப்படாத செல்கள் கொஞ்சம் ஒதுங்கியிருக்கும், நிறுத்திய பிறகு அவை பெருகி, கெட்டவை இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வருடங்கள் போகப்போக ஆபத்து பாதியாகக் குறையும் என்று முகம் மலர்ந்து சொன்னீர்கள். நான், "எனக்குங்களா?" என்று கேட்டேன். நினைவிருக்கிறதா? நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கை குளிர்ச்சியாக இருந்தது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அவர் அன்றே நிறுத்தினார். மேசையிலிருந்த பெட்டியைக் கசக்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு, என் காலடியில் உட்கார்ந்து, "செல்வி, நான்தான் புள்ள உன்னயக் கொன்னேன்" என்று அழுதார். நான் அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன். நீங்கள் கொடுத்த நிகோடின் சூயிங்கத்தை மென்றுகொண்டு, கை நடுங்க, வேர்த்து வேர்த்து அந்த மாதத்தைக் கடந்தார். ஊரே அதைப் பேசியது. "பொண்டாட்டிக்காவ விட்டுட்டானுங்க, ஆம்பளைன்னா அவன் ஆம்பள" என்று லாரி பட்டறையில் பேசிக்கொண்டார்களாம். என்னைப் பார்க்க வந்தவர்கள் அவரைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு முடி கொட்டியது. அவருக்குப் பெயர் கிடைத்தது.

அதையும் பொறுத்தேன். நம்புங்கள், பொறுக்கத்தான் பார்த்தேன். ரசம் வைத்த அன்றுதான் முடியாமல் போனது.

மருந்து ஏற்றி ஏற்றி என் நாக்கில் ருசி செத்திருந்தது. உப்பும் சர்க்கரையும் ஒன்றுதான். கை அளவை நம்பி ரசம் வைத்தேன். அவர் ஒரு வாய் எடுத்தார். அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணெல்லாம் பளபளத்தது. "ஏம்புள்ள, பெருங்காயம் இத்தன வாசமாவா இருக்கும்? இத்தன வருசமா எனக்கு இது தெரியவேயில்லையே" என்றார். தட்டைத் தூக்கி முகர்ந்தார். கொத்தமல்லியைத் தனியாக எடுத்து முகர்ந்தார். குழந்தைபோலச் சிரித்தார். "இப்பல்லாம் மாடிப்படி ஏறுனா எரைக்கறதே இல்ல, தெரியுமா?" என்றார்.

எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குள் துடைப்பங்கள் எழுந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. ஒதுங்கியிருந்த நல்ல செல்கள் பெருகுவது தெரிந்தது. அவர் ஊதிய புகை என்னிடம் தங்கிவிட்டது, அவர் மட்டும் சுத்தமாகிறார். பத்து வருடம் கழித்து, என் படத்துக்கு மாலை மாற்றிவிட்டு, அவர் மணக்க மணக்க ரசம் சாப்பிடுவார். நான் எழுந்து போய் இன்னும் கொஞ்சம் ரசம் எடுத்துவந்து ஊற்றினேன். "நல்லாச் சாப்பிடுங்க மாமா" என்றேன்.

கோபம் வந்தால் மனிதர்கள் தட்டை உடைப்பார்கள். நான் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஆட்டையாம்பட்டிக்குப் போகும் வழியில் ஒரு கரட்டுக் குன்றின் மேல் இவர்கள் குடும்பத்து முனியப்பன் இருக்கிறார். அவருக்குப் படையலில் சுருட்டு உண்டு. குடும்பத்து ஆண்பிள்ளை சுருட்டைக் கையில் பிடிக்க, பூசாரி சூடத்தில் காட்டிப் பற்றவைத்து, சாமி வாயில் செருகுவார். அணையாமல் நின்று எரிந்தால் வேண்டுதல் ஏற்கப்பட்டதாக அர்த்தம். மிச்சம் பிரசாதம், கையில் பிடித்திருந்தவரிடமே கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் வாங்கிக் கும்பிட்டுவிட்டுக் கல் இடுக்கில் வைத்துவிட்டு வருவார்கள்.

அதற்கடுத்து வந்த அமாவாசைக்கு என்னைக் காரில் கூட்டிப்போனார்கள். பூசாரி சூடத்தைக் கொளுத்தும்போது நான் தடுத்தேன். "அவரு வாயால இழுத்துப் பத்தவெக்கோணும்னு வேண்டியிருக்கறனுங்க. மிச்சத்தையும் அவரே ஊதி முடிக்கோணும்" என்றேன்.

பூசாரி தயங்கினார். "சூடத்துல காட்டுனாலே சாமி ஏத்துக்குமுங்க அம்மிணி. அப்படியெல்லாம் வழக்கமில்லீங்களே."

"வேண்டிட்டனுங்க. மாத்துனா எனக்குத்தான ஆகாது?"

வேண்டிக்கொண்ட வாயை இந்த ஊரில் யாரும் திருத்த மாட்டார்கள். சாமிக்கும் எனக்கும் நடுவில் யார் வருவார்? அவர் என்னைப் பார்த்தார். "புள்ள, நான் உட்டுட்டனே… அந்தப் பொண்ணு ரஞ்சனி என்ன சொல்லுமோ" என்றார். நான் கண்ணீர் விட்டேன். அது நிஜமான கண்ணீர்தான், வேறு விஷயத்துக்காக. அவர் சுருட்டை வாயில் வைத்தார். முதல் இழுப்பில் இருமினார். மூன்றாவதில் கண்ணை மூடினார். ஊரிலிருந்து திரும்பி வந்து சொந்தக் கட்டிலில் படுக்கிற மனிதரின் முகம் அது. ஃபில்டர் இல்லாத சுருட்டு. எனக்கு வந்ததைப் போலவே.

அடுத்த மாதம் என் ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது.

என் நோய்க்குப் பொருத்தமான மாத்திரை ஒன்று இருக்கிறது, தினமும் ஒன்று, அதற்கு முந்தைய மாதம்தான் ஆரம்பித்திருந்தார்கள். அது வேலை செய்கிறது, சிலருக்கு வருடக்கணக்கில் வேலை செய்யும் என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். வீட்டுக்காரர் அப்போது வெளியே மருந்து வாங்கப் போயிருந்தார். நான் வெளியே வந்து, "சாமி கண்ணு தொறந்துட்டாருங்க மாமா" என்று மட்டும் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கரட்டு முனியப்பன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு நான் தள்ள வேண்டியிருக்கவில்லை. அமாவாசைக்கு என்றிருந்தது செவ்வாய்க்கிழமைகளுக்கும் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் கரட்டுக்கு அலைய வேண்டாம் என்று முனியப்பன் படத்தை உள்ளறையில் மாட்டி, சுருட்டுக்கட்டைத் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நடு நாட்களில் கை நடுங்கியபோது, "சாமிக்குன்னு இழுத்த வாய், பாதியில உட்டா ஒடம்புக்கு ஆகாதுங்க" என்று சிகரெட் பெட்டியும் நானே வாங்கிக்கொடுத்தேன். பெட்டிக்கடைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். உங்கள் சூயிங்கம் சாக்கடைக்குப் போயிற்று. நீங்கள் ஃபோன் செய்தபோதெல்லாம், "குளிச்சிட்டிருக்காருங்க", "லோடு விசயமா வெளியில போயிருக்காருங்க" என்றது நான்தான். லாரிக்காரர்களிடம் பேசிப் பழகிய குரல். அதில் பொய் தெரியாது.

கதிர்வேல் ஒரு தடவை சண்டை போட்டான். "அம்மா, இது பைத்தியக்காரத்தனமுங்கம்மா. டாக்டர்கிட்டக் கேட்டீங்களா?" என்றான். அவர்தான் எனக்குப் பதிலாகக் கத்தினார். "உங்கம்மா சாவோணுமாடா? எம் மூச்சப் புடிச்சுத்தாண்டா அவ மூச்சு நிக்குது." மகன் எழுந்து வெளியே போய்விட்டான். அவர் அவ்வளவு ஆசையாக என்னைப் பற்றிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. இடையில் இரண்டு முறை அவரே நிறுத்தவும் பார்த்தார். அப்போதெல்லாம் நான் சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் உள்ளறையில் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்கும். முன்பைவிட அதிகமாக ஊதினார் ரஞ்சனி. எனக்காக.

சென்ற ஆவணியில் அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும். வலது நுரையீரலில் தொடங்கி எலும்புக்குப் போய்விட்டது. என்னுடைய டாக்டர்தான் பார்த்தார். நிறுத்தாமல் இருந்ததால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பழைய புகையாலேயே வந்திருக்கலாம் என்று அவருக்கும் அதே பெருந்தன்மையைக் கொடுத்தார். நிறுத்தியிருந்தால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்த வாய்ப்பை நான் எடுத்துக்கொண்டேன். கொன்றேன் என்று சொல்வதா, திரும்பிப் போகும் வழியை அடைத்தேன் என்று சொல்வதா, நீங்களே ஒரு சொல் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதுவும் சம்மதம்.

நாளை அமாவாசை. அவருக்குச் சுருட்டை இழுத்துப் பற்றவைக்க மூச்சு இல்லை. போன மாதம் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியலைன்னா உன்ற கதி என்ன புள்ள ஆகும்?" என்று கேட்டார். கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. "நான் பத்தவெச்சுத் தாரனுங்க மாமா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயில் வைத்து இழுத்தேன். கசப்பாகத்தான் இருந்தது. பற்றிக்கொண்டதும் அவர் உதட்டில் வைத்தேன். இரண்டு இழுப்புக்கு மேல் முடியவில்லை அவருக்கு. அணையும் வரை நான் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். நாளையும் அப்படித்தான் செய்வேன். இவ்வளவு சொன்ன பிறகு நீங்கள் போலீசிடம் போகலாம், டாக்டரிடம் சொல்லலாம், அவரை எழுப்பியே சொல்லலாம். அவர் நம்ப மாட்டார்.

எனக்கு வருத்தமில்லை. நான் கேட்டது நியாயம். அடுத்தவர் புகையை மூச்சாக இழுத்தே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இருக்கிறார்களே, எழுந்து வெளியே போக முடியாதவர்கள், வேண்டாம் என்று சொன்னாலும் யாரும் கேட்காதவர்கள், அவர்களுக்காக ஒரு தடவையாவது ஒருத்தர் கணக்குத் தீர்க்க வேண்டாமா? நான் தீர்த்தேன்.

அது நிலாதான் இருமுவது. பயப்படாதீர்கள், இரண்டு மாதமாக இப்படித்தான். சளி. மருமகள் தனப்பிரியா ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்துவிட்டுப் பால் கொடுக்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. குழந்தையை வேறு அறையில் போடச் சொல்கிறீர்கள். இந்த வீட்டில் ஏ.சி. அந்த அறையில் மட்டும்தான். ஜன்னலைத் திறந்துவைக்கவும் முடியாது. வெளியில் வெயிலைப் பார்த்தீர்களே.

புறப்படுகிறீர்களா? அந்த வாளியைத் தாண்டி வாருங்கள், வழுக்கும். காலையில் தொட்டிலிலிருந்து மாற்றிய சேலையைத்தான் ஊறப்போட்டிருக்கிறேன். என் பழைய வெள்ளைச் சேலை, எத்தனையோ தடவை துவைத்து நைந்தது, குழந்தைக்கு மெத்தென்று இருக்கும் என்று கட்டினேன். தண்ணீர் இப்படி டீ நிறத்தில் இறங்குகிறதே என்று பார்க்கிறீர்கள்.

சாயம்தான். சில துணிகள் அப்படித்தான், கடைசிவரை விட்டுக்கொண்டே இருக்கும்.